நூடில்ஸ் பக்கட்டுக்குப் பக்கத்தில் என்ன வைத்திருக்கிறீர்கள்?

எமது சில்லறைக் கடைகளில் காலையில் அடுக்கி வைத்தால் இரவாகும்போது இறாக்கை காலியாகிவிடும் பொருட்களில் ஒன்று இன்ஸ்டன்ட் நூடில்ஸ். பாண் வராத நாளிலும் இது விலைபோகும். மழை பெய்யும் மாலையிலும் விலைபோகும். சம்பளத்துக்கு முந்திய கடைசி வாரத்தில் சொல்லவே தேவையில்லை. "நல்லா ஓடுற சாமான்" என்பார்கள் முதலாளிமார். ஓடுகிறது, சரி. ஓடும்போது உங்கள் கல்லாவில் என்ன விட்டுச் செல்கிறது என்று கேட்டால் அநேகர் சிரித்துவிட்டுப் பேச்சை மாற்றுவார்கள்.

காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். பக்கட்டின் மேல் ஆகக்கூடிய சில்லறை விலை அச்சடிக்கப்பட்டிருக்கிறது. அதற்கு மேல் ஒரு ரூபா வாங்கினாலும் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபை வழக்குப் போடலாம். குறைத்துக் கொடுத்தால் உங்கள் கையிலிருந்துதான் போகும். சந்தியில் திறந்திருக்கும் சுப்பர் மார்க்கட்டோ ஐந்து பக்கட் கட்டை ஒன்றாகக் கட்டிக் குறைந்த விலைக்குக் கொடுக்கிறது. அந்த விலைக்கு எங்களுக்கு டிஸ்ட்ரிபியூட்டர் சாமான் தருவதில்லை. ஆகவே பக்கட்டை மட்டும் விற்று நூடில்ஸில் உழைக்கலாம் என்று எந்தச் சிறு வியாபாரியும் கனவு காண வேண்டாம்.

உழைப்பு வேறிடத்தில் இருக்கிறது. அந்தப் பக்கட் வீட்டுக்குப் போய், அடுப்பில் ஏறும்போது அதனோடு சேர்ந்து சட்டிக்குள் என்னென்ன விழுகிறதோ அங்கேதான் இருக்கிறது. அதனால் இந்த வாரம் கொஞ்சம் சமையல் கதைக்கப் போகிறேன். வியாபாரப் பக்கத்தில் சமையலா என்று சிலர் கேட்கலாம். தான் விற்கும் சாமான் வாடிக்கையாளரின் குசினியில் என்னவாகிறது என்று தெரியாதவர், சாமானை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குத் தூக்கிக் கொடுப்பவர் மாத்திரமே. அந்த வேலையை எங்களை விடக் குறைந்த செலவில் செய்ய இன்று பெரிய கடைகள் வந்துவிட்டன.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். உதாரணத்துக்காக நான் எடுத்த எண்கள்தான் இவை; உங்கள் கடையின் எண்களை நீங்கள் போட்டுக் கொள்ளுங்கள். ஒரு நூடில்ஸ் பக்கட்டில் உங்களுக்கு 8 ரூபா நிற்கிறது என வையுங்கள். இரண்டு பக்கட் வாங்கும் ஒருவர் 16 ரூபா இலாபம் தந்துவிட்டுப் போகிறார். அவரே கூடவே இரண்டு முட்டை (3 ரூபா வீதம்), ஒரு கரட்டும் லீக்ஸும் கோவாத் துண்டும் சேர்ந்த ஒரு சிறு கட்டு (20 ரூபா), ஒரு சின்ன டின் மீன் (25 ரூபா) எடுத்தால் அந்த 16 ரூபா, 67 ரூபாவாகிறது. நான்கு மடங்குக்கும் அதிகம். அதே வாடிக்கையாளர், அதே ஐந்து நிமிடம், அதே ஷொப்பிங் பேக். மரக்கறியின் மேல் விலை எவரும் அச்சடிப்பதில்லை என்பதையும் மறக்க வேண்டாம்.

முட்டைக்கு ஒரு குழி

இன்று ஏழையின் சாப்பாடு என்று பெயரெடுத்த இந்தப் பொருள் பிறந்தபோது அப்படி இருக்கவில்லை. தாய்வானில் பிறந்து ஜப்பானில் தொழில் செய்தவர் மோமோபுகு அன்டோ. தான் தலைமை வகித்த ஒரு கடன் சங்கம் முறிந்து, வீட்டைத் தவிர ஏறக்குறைய எல்லாவற்றையும் இழந்த பின், ஒசாகாவுக்கு அருகிலுள்ள இகெடா என்ற ஊரில் வீட்டுப் பின்புறக் கொட்டிலில் உட்கார்ந்து மாதக்கணக்கில் முயன்றார். 1958 ஆகஸ்ட் 25 இல் 'சிக்கன் ராமென்' சந்தைக்கு வந்தது. அப்போது அவருக்கு வயது 48. பக்கட் ஒன்று 35 யென். அந்நாட்களில் புதிதாகச் செய்த உடொன் நூடில்ஸ் கடைகளில் 6 யென் அளவில் கிடைத்தது. கிட்டத்தட்ட ஆறு மடங்கு விலை! மொத்த வியாபாரிகள் கையெடுக்கத் தயங்கியதில் ஆச்சரியமில்லை. மக்கள் வாங்கிப் பார்த்துத் திரும்ப வந்து கேட்ட பிறகுதான் அவர்கள் வழிக்கு வந்தார்கள்.

அவர் கண்டுபிடித்த முறை எளிமையானது. கோதுமை மாவைப் பிசைந்து இழையாக்கி, ஆவியில் அவித்து, எண்ணெயில் பொரித்து ஈரத்தை வெளியேற்றி விடுவது. பொரியும்போது நீர் ஆவியாகிப் போன இடங்களில் நுண்ணிய துளைகள் உண்டாகின்றன. பிறகு கொதிநீர் பட்டதும் அந்தத் துளைகளால் நீர் உள்ளே புகுந்து இழை மென்மையாகிறது. அதாவது பக்கட்டுக்குள் இருப்பது ஏற்கனவே வெந்த பண்டம். அது வேக வேண்டியதில்லை, நனைந்தால் போதும். இந்த ஒரு விடயத்தை விளங்கிக்கொண்டால் வீட்டில் நூடில்ஸ் களியாகிப் போகாது. இதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

இதைவிட எனக்குப் பிடித்தது 2003 இல் நடந்தது. அதே கம்பனி சிக்கன் ராமென் கட்டியின் மேல் நடுவில் ஒரு சிறு குழி வரும்படி வார்க்கத் தொடங்கியது. எதற்கென்றால், வீட்டில் முட்டையை உடைத்து ஊற்றும்போது அது வழிந்தோடாமல் நடுவில் நிற்பதற்கு. உற்பத்தி செய்தவரே, "எனது சாமான் தனியாகப் போதாது, இதற்கு மேல் ஒரு முட்டை வரும்" என்று ஒப்புக்கொண்டு அதற்கு இடமும் விட்டிருக்கிறார். எமது கடைகளில் முட்டை எங்கே இருக்கிறது? பின்னால், அரிசி மூட்டைக்குப் பக்கத்தில், இருட்டில்.

எமது ஆட்களே காட்டிய வழி

மலேசியாவுக்குப் போய் வந்தவர்கள் மாமாக் கடைகளைக் கண்டிருப்பீர்கள். தமிழ்நாட்டின் கடையநல்லூர், தென்காசி, இராமநாதபுரம் பக்கங்களிலிருந்து பினாங்குக்கும் கோலாலம்பூருக்கும் சென்ற தமிழ் முஸ்லிம்களும் அவர்களது பிள்ளைகளும் நடத்தும் சாப்பாட்டுக் கடைகள் அவை. 'மாமாக்' என்ற பெயரே எமது 'மாமா' என்ற சொல்லிலிருந்து வந்தது. அங்கே 'மெகி கோரெங்' என்றொரு சாப்பாடு நாடெங்கும் பிரபலம். கோரெங் என்றால் மலாய் மொழியில் பொரித்தது, வறுத்தது. கடையில் எவரும் வாங்கக்கூடிய அதே பக்கட் நூடில்ஸ்தான். அதைக் கொதிநீரில் அரை வேக்காட்டில் எடுத்து வடித்து, பெரிய இரும்புத் தாச்சியில் அரைத்த மிளகாய், சோயா சோஸ், முளைவிட்ட பயறு, சோயாக் கட்டி, கீரை, தக்காளி, முட்டை எல்லாம் போட்டுப் பெரிய நெருப்பில் புரட்டிக் கொடுக்கிறார்கள். மேலே ஒரு துண்டுத் தேசிக்காய். வீட்டில் ஐந்து நிமிடத்தில் செய்யக்கூடியதைக் காசு கொடுத்துச் சாப்பிட ஆட்கள் இரவு 2 மணிக்கும் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் பக்கட்டை விற்கவில்லை, தாச்சியை விற்கிறார்கள்.

இந்தோனேசியாவிலும் இப்படித்தான். உலக இன்ஸ்டன்ட் நூடில்ஸ் சங்கத்தின் கணக்குப்படி 2023 இல் உலகம் முழுவதும் சுமார் 12,000 கோடி நூடில்ஸ் பக்கட்டுகளும் கோப்பைகளும் விலைபோயின. அதில் 1,400 கோடிக்கு மேல் இந்தோனேசியாவில் மட்டும். சீனாவுக்கு அடுத்த இடம். அங்கே யோக்யகர்த்தா போன்ற பல்கலைக்கழக நகரங்களில், மேற்கு ஜாவாவின் குனிங்கான் பகுதியிலிருந்து வந்தவர்கள் பாசிப்பயற்றுக் கஞ்சி விற்கும் சிறு கடைகளை நடத்தி வந்தார்கள். கஞ்சியோடு நூடில்ஸையும் சமைத்துக் கொடுக்கத் தொடங்கி, இன்று பல கடைகளில் நூடில்ஸ்தான் முதல் வியாபாரம். மாணவர்கள் அங்கே வந்து 'இன்டர்நெட்' என்று ஓடர் கொடுப்பார்களாம். கம்பியூட்டர் அல்ல, இன்டோமி, தெலூர், கோர்நெட் என்ற மூன்று சொற்களின் சுருக்கம் அது. இன்டோமி நூடில்ஸ், முட்டை, டின்னில் அடைத்த மாட்டிறைச்சி. ஒரு பக்கட், ஒரு முட்டை, ஒரு கரண்டி கோர்ன்ட் பீஃப், அதற்கொரு பகிடிப் பெயர். இப்படிப் பெயர் வைக்கத் தெரிந்தவர் பட்டினி கிடக்க மாட்டார்.

இலங்கையில் கம்பனிகள் இந்தப் பாடத்தை எங்களுக்கு முன்னரே படித்துவிட்டன. வீடுகளிலும் ஹோட்டல்களிலும் நூடில்ஸைக் கொத்துப் போடுவதைப் பார்த்து, பிரிமா கம்பனி 'கொத்து மீ' என்ற பெயரிலேயே பக்கட் இறக்கியது. கொத்து ரொட்டி எங்கள் தெருவின் சாப்பாடு. அதன் பெயரையும் வாசனையையும் பக்கட்டுக்குள் அடைத்து எங்களுக்கே விற்கிறார்கள். குறை சொல்லவில்லை. வியாபாரம் அப்படித்தான். எங்கள் பங்கை நாங்கள் எடுக்கிறோமா என்பதே எனது கேள்வி.

குசினிக்குள் போவோம்

கடையில் நிற்பவர்கள் இதை அடிக்கடி கேட்டிருப்பீர்கள்: "நானா, புள்ளைகள் மூணு நாளா இதையே திங்குதுகள். இதுக்கு வேற என்னத்தப் போடலாம்?" கேட்பவர் உங்களிடம் ஒரு வியாபாரத்தைக் கையில் தருகிறார். "தெரியாது தாத்தா" என்று மிச்சக் காசை எண்ணிக் கொடுத்தால் அது அத்தோடு முடிந்தது. பதில் சொல்லத் தெரிந்தால் அவர் இன்னும் மூன்று சாமானுக்குக் கை நீட்டுவார். ஆகவே பதில்களைப் பார்ப்போம். இவையெல்லாம் எமது வீடுகளில் உம்மாமாரும் தாத்தாமாரும் செய்பவைதான். எந்தப் புத்தகத்திலும் தேட வேண்டியதில்லை.

முதலாவது கொத்து. இதில் அநேகர் தவறுவது நூடில்ஸை நன்றாக அவித்து, சுடச்சுடத் தாச்சியில் போடுவதில்தான். அப்படிப் போட்டால் கரண்டி படப்பட உடைந்து கூழாகும். மேலே சொன்னேன், அது வெந்த பண்டம். கொதிக்கும் நீரில் ஒன்றரை நிமிடம் போதும். இழைகள் ஒன்றையொன்று விடத் தொடங்கியதும் நீரை முற்றாக வடித்து, அகன்ற தட்டில் பரப்பி, ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டு ஆற விட வேண்டும். ஆறிய நூடில்ஸ்தான் கொத்துக்கு நிற்கும். தாச்சியில் பெரிய வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை, றம்பைத் துண்டு. பிறகு லீக்ஸ், கரட், கோவா எல்லாம் மெல்லிசாக வெட்டிப் போட்டு, நெருப்பைக் கூட்டி இரண்டு நிமிடம். மரக்கறி வாடக் கூடாது, பல்லில் கடிபட வேண்டும். அதை ஓரமாக ஒதுக்கி இடம் விட்டு முட்டையை உடைத்துக் கிளறி, கடைசியில் நூடில்ஸ். நேற்றைய கோழிக் கறி மிஞ்சியிருந்தால் இறைச்சியைப் பிய்த்துப் போட்டு, இரண்டு கரண்டி ஆணமும் விட்டால் அதற்குப் பிறகு கடைக் கொத்தை எவரும் கேட்க மாட்டார்கள். ஆணத்தில் உப்பும் தூளும் இருப்பதால் பக்கட்டிலுள்ள சுவைத்தூளில் பாதி போதும், சில நேரம் தேவையே இல்லை.

இரண்டாவது தேங்காய்ப்பால் போட்டது. காய்ச்சலில் கிடப்பவருக்கும், மழை நாளில் வாய்க்கு இதமாக ஏதாவது தேடுபவருக்கும் இது நன்றாகப் போகும். சொதி வைப்பது போலத்தான். வெங்காயம், வெள்ளைப்பூடு, பச்சை மிளகாய், கறிவேப்பிலை, ஒரு சிட்டிகை மஞ்சள் போட்டு இரண்டாம் பாலில் கொதிக்க வைத்து, நூடில்ஸ் கட்டியை அதற்குள் போட வேண்டும். இழை பிரிந்ததும் நெருப்பைக் குறைத்து முதற்பாலை விட்டு, கொதி வருமுன் இறக்கி விட வேண்டும். கொதித்தால் பால் திரியும். தேசிக்காய்ப் புளி இறக்கிய பிறகுதான். இதற்குத் தேங்காய் திருவிப் பிழிய நேரமில்லாதவருக்குத் தேங்காய்ப்பால் மா சிறு பக்கட்டுகள் இருக்கின்றன. அவை எங்கே? அதுவும் வேறெங்கோ.

டின் மீன் போட்டது ஆண்கள் சமைப்பது. விடுதியில் நிற்கும் பிள்ளைகளும், கொழும்பில் தனியாக அறை எடுத்து வேலை செய்பவர்களும் நன்கு அறிவார்கள். வெங்காயம், தக்காளி, உடைத்த மிளகாய் வதக்கி, நீர் வடித்த டின் மீனை முள்ளோடு மசித்துப் போட்டுப் பிரட்டி, அவித்து வடித்த நூடில்ஸைச் சேர்ப்பது. டின் மீனிலேயே உப்பு நிறைய. இங்கே சுவைத்தூளைத் தொடவே வேண்டாம்.

அதை விடக் குறைந்த செலவில் என்றால் நெத்தலிக் கருவாடு. கழுவித் துடைத்து மொறுமொறுப்பாகப் பொரித்து, நீரில்லாமல் அவித்த நூடில்ஸின் மேல் தூவி, பக்கத்தில் மாசி போட்டு இடித்த தேங்காய்ச் சம்பல். இடியப்பத்துக்குச் சம்பல் சாப்பிடும் நாக்குக்கு இது அந்நியமாக இருக்காது. சொல்லப்போனால் நூடில்ஸை இடியப்பத்தின் தம்பியாக நினைத்துச் சமைத்தால் நூறு வழி தானாக வரும்.

பாடசாலைப் பெட்டிக்கு இன்னொன்று. அவித்து வடித்த ஒரு பக்கட் நூடில்ஸை இரண்டு முட்டை, திருவிய கரட், கொஞ்சம் மிளகுத் தூளோடு கலந்து, சிறிய தாச்சியில் தட்டையாகப் பரப்பி, சிறு நெருப்பில் மூடி வைத்து இரு பக்கமும் சிவக்க எடுத்தால் தடித்த அடை போல் வரும். ஆறிய பின் கேக் துண்டு போல் வெட்டலாம். கையால் எடுத்துச் சாப்பிடக் கூடியது, வழியாது, மதியம் வரை பழுதாகாது. நூடில்ஸை அப்படியே பெட்டியில் போட்டு அனுப்பும் தாய்மாருக்கு இதைச் சொல்லிப் பாருங்கள். அடுத்த நாள் வந்து முட்டை கேட்பார்கள்.

கடைசியாக, சமைக்காமலே ஒன்று. கட்டியைப் பக்கட்டுக்குள்ளேயே கையால் நொறுக்கி, தாச்சியில் எண்ணெயில்லாமல் மெதுவாக வறுத்து, வறுத்த கச்சானும் பொரித்த கறிவேப்பிலையும் மிளகாய்த் தூளும் சேர்த்தால் தேநீருக்கு மிக்சர். இதுவும் ஜப்பானில் 1959 இலேயே வியாபாரமாகிவிட்டது. தொழிற்சாலையில் உதிர்ந்து வீணாகும் நூடில்ஸ் துண்டுகளைப் பார்த்த ஒரு முதலாளி, அதற்குச் சுவையூட்டிப் பிள்ளைகளுக்குத் தின்பண்டமாக விற்றார். 'பேபி ஸ்டார்' என்ற பெயரில் இன்றும் விலைபோகிறது. எமது கடைகளிலும் மூட்டை ஏற்றி இறக்கியதில் நொறுங்கிப் போன பக்கட்டுகள் அடியில் தங்கும். வாடிக்கையாளர் தடவிப் பார்த்துத் திருப்பி வைப்பார். அதை மறைத்து விற்க வேண்டியதில்லை. "இது நொறுங்கினது, மிக்சருக்கு நல்லது, இரண்டு ரூபா குறைத்துத் தாறன்" என்று சொல்லியே கொடுக்கலாம். சீல் உடையாமலும் திகதி முடியாமலும் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

உப்பும், சத்தும், முத்திரையும்

இனிக் கொஞ்சம் கசப்பானதைக் கதைப்போம். 2022 செப்டம்பரில் கொழும்புப் பாவனையாளர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதத்தைத் தொட்டது. அந்த மாதங்களில் ஒரு பக்கட்டை இரண்டு பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுத்த வீடுகள் எங்கள் ஊர்களிலும் இருந்தன. கடன் கொப்பி வைத்திருந்தவர்களுக்கு எந்த வீடு என்றும் தெரியும். அதற்கு முன் நூடில்ஸ் இடைக்கிடை சாப்பிடுவது. பல குடும்பங்களில் அதற்குப் பிறகு அது இரவுச் சாப்பாடாகவே நிலைத்துவிட்டது. விலைகள் ஓரளவு அடங்கிய பின்னும் பழக்கம் முழுதாக மாறவில்லை.

வெறும் பக்கட்டை நாளாந்தம் இரவுச் சாப்பாடாக்கினால் என்னவாகும்? ஏறக்குறைய 75 கிராம் பக்கட் ஒன்றில் புரதம் 7 கிராம் அளவில்தான் இருக்கிறது. மிச்சம் பெரும்பாலும் மாச்சத்தும் பொரித்த எண்ணெயும். ஒரு முட்டையில் 6 கிராம் அளவில் புரதம் உண்டு. ஆக ஒரு முட்டை போட்டாலே பிள்ளையின் தட்டில் புரதம் ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. உப்பைப் பொறுத்தவரை உலக சுகாதார நிறுவனம் வளர்ந்த ஒருவருக்கே நாளுக்கு 5 கிராமுக்குக் குறைவாகத்தான் பரிந்துரைக்கிறது. பல பக்கட்டுகளில் ஒரு முறைக்கே அதில் மூன்றிலொரு பங்கும் அதற்கு மேலும் இருக்கிறது. அதில் பெரும்பகுதி அந்தச் சிறு சுவைத்தூள் பையில். அதனால்தான் மேலே ஒவ்வொன்றிலும் 'பாதி போதும்', 'தொட வேண்டாம்' என்று எழுதினேன். பிரஷர் உள்ள வயதானவர்களுக்கு வாங்கிச் செல்பவரிடம் இதை வாய் திறந்து சொல்ல வேண்டும். சொன்னால் பக்கட் விலைபோகாது என்று பயப்படத் தேவையில்லை. தூளைக் குறைத்தால் சுவைக்கு வேறு ஏதாவது வேண்டும். அந்த வேறு ஏதாவது உங்கள் கடையில்தான் இருக்கிறது.

2023 இல் முட்டை தட்டுப்பாடாகி இந்தியாவிலிருந்து இறக்குமதி செய்யும் நிலை வந்தது நினைவிருக்கும். அப்போது நெத்தலியும் சோயா மீட்டும் மைசூர்ப் பருப்பும் அந்த இடத்தை நிரப்பின. அவித்த பருப்பு ஒரு கைப்பிடியைத் தேங்காய்ப்பால் நூடில்ஸில் கரைத்து விட்டால் பிள்ளைக்குத் தெரியவே தெரியாது. முட்டை விலை மீண்டும் ஏறினால் சொல்வதற்கு இதை ஞாபகத்தில் வைத்திருங்கள்.

இன்னொன்று, எங்கள் வாடிக்கையாளருக்கு முக்கியமானது. கொரியா, தாய்லாந்து நூடில்ஸ்களை இளைஞர்கள் கேட்கிறார்கள் என்பதற்காகப் புறக்கோட்டையில் கண்ணை மூடிக்கொண்டு பெட்டியாக எடுத்து வருபவர்கள் இருக்கிறார்கள். பக்கட்டின் பின்பக்கத்தை வாசித்து விட்டுத்தான் எடுக்க வேண்டும். சில வகைகளில் பன்றியிறைச்சிச் சாறு வெளிப்படையாகவே எழுதப்பட்டிருக்கும். ஈ 631, ஈ 635 போன்ற சுவைகூட்டிகள் தாவரப் பொருளிலிருந்தும் வரலாம், இறைச்சியிலிருந்தோ மீனிலிருந்தோ வரலாம். எண்ணை மட்டும் பார்த்துத் தீர்மானிக்க முடியாது. ஒரே கம்பனியின் ஒரே பெயரில் ஹலால் முத்திரையுள்ளதும் இல்லாததும் வேறு வேறு நாட்டுச் சந்தைக்காக வருகின்றன. இறக்குமதியாளரிடம் கேளுங்கள். பதில் தெளிவில்லை என்றால் விட்டுவிட்டு வாருங்கள்.

இறாக்கையை மாற்றுங்கள்

செலவில்லாமல் செய்யக்கூடியதைச் சொல்கிறேன். முட்டைத் தட்டை நூடில்ஸுக்குக் கீழே இடுப்பு உயரத்துக்குக் கொண்டு வாருங்கள். டின் மீன், சோயா மீட், தேங்காய்ப்பால் மா, மிளகுத் தூள், சோயா சோஸ் இவற்றில் சின்ன அளவுகளை மட்டும் அதே இடத்தில் வையுங்கள். நூடில்ஸ் வாங்க வருபவர் சின்னக் காசோடு வருகிறார். அவர் கண்ணுக்குப் பெரிய போத்தலைக் காட்டிப் பலனில்லை. சில கம்பனிகள் தங்கள் பெயர் போட்ட இறாக்கையைத் தந்துவிட்டு, வேறு சாமான் வைக்கக் கூடாது என்று நிபந்தனை போடும். இறாக்கை அவர்களுடையதாக இருக்கலாம், தரை உங்களுடையது. அதன் அடியிலும் பக்கத்திலும் என்ன வைப்பது என்பதை சேல்ஸ் ரெப் தீர்மானிக்க முடியாது.

மரக்கறி விற்பவர்கள் சூப்புக்குக் கட்டுவது போல நூடில்ஸுக்கும் ஒரு கட்டுக் கட்டலாம். ஒரு கரட், அரைத் தண்டு லீக்ஸ், கையளவு கோவாத் துண்டு, இரண்டு பச்சை மிளகாய், ஒரு இணுக்குக் கறிவேப்பிலையும் றம்பையும். இரண்டு பக்கட்டுக்கு அளவாக இருக்க வேண்டும், மிஞ்சக் கூடாது. ஒரு முழுக் கோவா வாங்க வசதியில்லாதவர் இதை வாங்குவார். மெல்லிசாக வெட்டிப் பொலித்தீனில் அடைக்க ஆசைப்பட வேண்டாம். குளிர்சாதனப் பெட்டி இல்லாத கடையில் வெட்டிய மரக்கறி அரை நாளில் வியர்த்து நாறத் தொடங்கும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்தால் கதை வேறு. முழுதாகவே இருக்கட்டும். மாலையில் வாடியதைப் பாதி விலைக்கு விட்டாலும், கட்டாமல் கூடையில் கிடந்து அழுகியதை விட இலாபம். முதல் வாரம் பத்துக் கட்டுக்கு மேல் போட வேண்டாம். எத்தனை போகிறது என்று கொப்பியில் குறித்து வந்து அதன்படி கூட்டுங்கள்.

நோன்பு மாதத்தில் இது வேறு நேரத்தில் ஓடும். பகலில் நூடில்ஸ் பக்கம் எவரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள். தராவீஹ் முடிந்து வீட்டுக்குப் போகும் வழியில், ஸஹருக்கு இலேசாக ஏதாவது என்று நினைத்துக்கொண்டு வருவார்கள். இரவு 9 மணியிலிருந்து 11 மணி வரைதான் அந்த வியாபாரம். அந்த நேரத்தில் மரக்கறிக் கூடையைச் சாக்குப் போட்டு மூடிவிட்டு, முட்டையும் முடிந்து, வெறும் பக்கட்டை மட்டும் நீட்டிக்கொண்டிருக்க வேண்டாம். அஸருக்குப் பிறகு இன்னும் இரண்டு தட்டு முட்டை இறக்கி வைத்துக் கொள்ளுங்கள்.